மணலிலிருந்து வளைவு வரை: டெல்டா வகுப்பறையில் ஒரு பாறைப் பாடம்

ஏழாம் வகுப்பில் நிலத்தோற்றங்கள், ஒன்பதாம் வகுப்பில் புவிப்புறச் செயல்முறைகள் என்று இரண்டு இடங்களில் சமூக அறிவியல் பாடநூல் நம் மாணவர்களைப் பாறைகளிடம் அழைத்துப் போகிறது. காளான் பாறை, கடல் ஓங்கல், கடல் குகை, கடல் வளைவு, கடல் தூண் என்று வரிசையாக வரும். காவிரி டெல்டாவில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு இங்கேதான் சங்கடம். எங்கள் பகுதியில் பாறை கிடையாது. திருவையாற்றிலிருந்து கிழக்கே கடல்வரை எங்கே தோண்டினாலும் வண்டலும் களியும் மணலும்தான். வீட்டில் கிடக்கும் அம்மியும் ஆட்டுக்கல்லும் வெளியூரிலிருந்து வந்தவை. 1010இல் கட்டி முடிக்கப்பட்ட பெரிய கோயிலின் கருங்கல்லும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதே. மாங்காய் அடிக்க ஒரு கல் வேண்டுமென்றால் எங்கள் பிள்ளைகள் ரயில் தண்டவாளத்தைத் தேடிப் போக வேண்டும். (போகக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம்.)

அதனால் இந்தப் பாடம் பெரும்பாலும் மனப்பாடமாகவே முடிந்துவிடுகிறது. 'அலை அரிப்பினால் பாறையில் ஏற்படும் வளைவு போன்ற அமைப்பு கடல் வளைவு எனப்படும்' என்று எழுதினால் இரண்டு மதிப்பெண். எழுதிய மாணவரிடம், "அந்த வளைவு ஏன் கீழே விழாம நிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. பாடநூலிலும் அதற்குப் பதில் இல்லை. அந்தக் கேள்வியே இல்லை.

பாறை இல்லாத ஊரில் இந்தப் பாடத்தை மணலிலிருந்து தொடங்கலாம் என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. பாறை சிதைந்து முடிந்தபின் கிடைப்பது மணல். மலைப்பகுதிப் பிள்ளைகள் தொடக்கத்தைப் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகள் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள். முடிவிலிருந்து பின்னோக்கிப் போவது கடினமில்லை. மூன்று பாடவேளை போதும்.

ஒரு கைப்பிடி ஆற்றுமணல்

முதல் பாடவேளைக்குத் தேவையானவை ஒரு கிண்ணம் ஆற்றுமணல், வெள்ளைத்தாள், நான்கைந்து கைலென்ஸ்கள். குழுவுக்கு ஒரு சிட்டிகை மணலைத் தாளில் பரப்பச் சொல்லுங்கள். 'மணல் என்ன நிறம்?' என்று முன்கூட்டியே கேட்டு விடையைக் கரும்பலகையில் எழுதிவிடுவது நல்லது. பழுப்பு என்றுதான் சொல்வார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தபின் ஒருவரும் பழுப்பு என்று சொல்லமாட்டார்கள். கண்ணாடித்தூள் போல ஒளி ஊடுருவும் மணிகளே அதிகம் இருக்கும். நடுவில் கறுப்பு மணிகள், இளஞ்சிவப்பு மணிகள், தங்கம்போல் மின்னும் மெல்லிய செதில்கள். செதிலைப் பார்த்ததும் "காக்காப்பொன்னு டீச்சர்!" என்று கத்துவார்கள். பெயர் அவர்களுக்கே தெரியும்.

கண்ணாடி போன்ற மணிதான் குவார்ட்ஸ். தஞ்சாவூர் ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. தஞ்சையை அடுத்த வல்லத்தில் கிடைத்த குவார்ட்ஸ் கற்களைத் தீட்டி மூக்குக்கண்ணாடிக்கு வில்லை செய்யும் தொழில் முன்பு இங்கே பெயர் பெற்றிருந்தது. எந்தத் தெருவிலாவது ஒரு வயதான தாத்தாவுக்கு 'வல்லம் கல்' பற்றித் தெரிந்திருக்கும். கேட்டுவரச் சொல்லலாம்.

மணலில் குவார்ட்ஸ் மட்டும் ஏன் இவ்வளவு? குடகில் தலைக்காவிரியில் தொடங்கிச் சுமார் 800 கிலோமீட்டர் ஓடிவரும் ஆறு, வழியில் உள்ள பாறைகளின் துகள்களைச் சுமந்து வருகிறது. கிரானைட்டில் பல கனிமங்கள் உண்டு. அவற்றில் ஃபெல்ஸ்பார் என்பது மழையும் காற்றும் பட்டு மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறிவிடுகிறது. குவார்ட்ஸ் அப்படி மாறுவதில்லை; உருண்டு உருண்டு சிறுத்து மணலாக வந்து சேர்கிறது. ஆக, நாம் நாற்று நடும் களியும் வீடு கட்டும் மணலும் ஒரே பாறைக் குடும்பத்தின் இரண்டு பிள்ளைகள். வேதியியல் சிதைவு, இயற்பியல் சிதைவு என்று பாடநூல் சொல்லும் இரண்டையும் இந்த இடத்தில் சொன்னால் போதும். தனியாக விளக்கம் எழுதிப்போட வேண்டியதில்லை.

"ஆத்துல தண்ணி வந்தா திரும்ப மணல் வந்துடும்ல டீச்சர்?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். எல்லா வகுப்பிலும் வரும் கேள்வி இது. தண்ணீர் மணலைக் கொண்டுவரும், தயாரிக்காது. ஒரு பாறை உடைந்து மணியாக ஆகும் காலத்தை நம் ஆயுளால் அளக்க முடியாது. போதாக்குறைக்கு, 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் மேலிருந்து வரும் மணலில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இவ்வளவு சொன்னால் போதும். மீதியைக் கொள்ளிடக்கரையில் வசிக்கும் பிள்ளைகள் நமக்குச் சொல்வார்கள்.

அடுத்த படி, மணல் எப்படி மறுபடி கல்லாகிறது? கொத்தனார் வீட்டுப் பிள்ளை ஒருவராவது வகுப்பில் இருப்பார், அவரிடமே விட்டுவிடலாம். மணலோடு சிமெண்ட் கலந்து, தண்ணீர் விட்டு, ஆறவிட்டால் கல். இயற்கையிலும் அதேதான், சிமெண்ட் மட்டும் வேறு. மணல் அடுக்கடுக்காகப் படிந்து, மேலே விழும் அடுக்குகளின் பாரத்தில் நசுங்கி, நிலத்தடி நீரில் கரைந்து வரும் சுண்ணாம்போ இரும்போ சிலிக்காவோ மணிகளுக்கு இடையில் தங்கி ஒட்டினால் அது மணற்பாறை. சுண்ணாம்பு ஒட்டிய பாறை மழையில் சீக்கிரம் தளரும். இரும்பு ஒட்டினால் செந்நிறம் வரும். அந்த மணற்பாறையே பூமிக்குள் புதைந்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறினால் குவார்ட்சைட். மணற்பாறையை உடைத்தால் மணிகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். குவார்ட்சைட்டை உடைத்தால் மணிகளே பிளக்கும். அந்த அளவுக்கு ஒன்றோடொன்று இறுகிப்போனவை.

கால் வீடும் சென்ட்ரிங் பலகையும்

இரண்டாம் பாடவேளை விளையாட்டு மைதானத்தில். ஈரமணலுக்குள் பாதத்தை வைத்து, மேலே மணலைக் குவித்துத் தட்டி, மெல்லக் காலை உருவி எடுத்தால் ஒரு வீடு நிற்கும். இந்த விளையாட்டை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அதைச் சோதனையாக மாற்றுவது மட்டுமே நம் வேலை. ஒரு குழுவுக்குக் காய்ந்த மணல், ஒரு குழுவுக்கு ஈரமணல், ஒரு குழுவுக்குச் சேறுபோல் நீர் விட்ட மணல். ஈரமணல் குழுவையே இரண்டாகப் பிரித்து, ஒரு குழு பத்துத் தட்டு, இன்னொரு குழு ஐம்பது தட்டு. எந்த வீடு நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, விழும்போது முதலில் எந்தப் பகுதி விழுகிறது என்று எழுத வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். வெயிலில் காயக் காய, கூரையின் அடிப்பகுதியிலிருந்து சிறு சிறு கட்டிகள் உதிரும். தட்டையாக இருந்த கூரை கொஞ்சம் கொஞ்சமாக வளையும். வளைந்தபின் உதிர்வது குறைந்து சற்று நேரம் அப்படியே நிற்கும். அந்தச் சமயத்தில் எல்லோரையும் அமைதியாக உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உதிர வேண்டியது உதிர்ந்தபின் மிஞ்சி நிற்பது வளைவாக இருப்பதை அவர்களே பார்த்துவிடுவார்கள்.

ஏன் வளைவு நிற்கிறது என்பதற்கு ஒரு சாக்பீஸ் போதும். இரு முனையையும் பிடித்து வளைத்தால் உடனே ஒடியும். அதையே மேசைமேல் நிறுத்திவைத்து விரலால் மேலிருந்து அழுத்தினால் எளிதில் உடையாது. கல்லின் குணமும் இதுதான். அழுத்தத்தைத் தாங்கும், வளைப்பதைத் தாங்காது. பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையில் தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று இப்போது கேட்கலாம். மேலே கிடப்பது படுக்கைக் கல் உத்தரம்; இடைவெளி கூடினால் நடுவில் ஒடியும். அதே ஊரில் அரண்மனையின் தர்பார் மண்டபத்தில் வளைவுகள் அகலமாகத் திறந்திருக்கின்றன. வளைவில் ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துச் செங்கல்லை அழுத்திக்கொண்டு, மேலுள்ள பாரத்தைப் பக்கவாட்டில் இறக்கிவிடுகிறது. இரண்டு இடங்களும் ஒரே நாள் சுற்றுலாவில் முடியும். பழைய செங்கல் மதகு ஊருக்குள்ளேயே இருந்தால் அதுவும் போதும்.

எங்கள் வகுப்பில் பாடத்தைத் திருப்பிவிட்ட கேள்வி இந்த இடத்தில்தான் வந்தது. கேட்டவர் எழுதுவதில் மிகவும் பின்தங்கிய மாணவர், அப்பா கொத்தனார். "வளைவு கட்டும்போது கீழ சென்ட்ரிங் பலகை குடுப்பாங்க டீச்சர். செட்டானப்புறம்தான் பிரிப்பாங்க. மலையில யாரு சென்ட்ரிங் குடுத்தது?"

இதைவிடச் சரியான கேள்வியை எந்தப் பயிற்சிக் கையேடும் தந்ததில்லை. பதிலை அவரே மைதானத்தில் கண்டுபிடித்தார். கால் வீட்டுக்குக் கால்தான் சென்ட்ரிங். மலையில் வளைவுக்கு அடியில் முன்பு இருந்த பாறையே சென்ட்ரிங். கொத்தனார் வளைவைக் கட்டிவிட்டுப் பலகையைப் பிரிக்கிறார். இயற்கை எதையும் கட்டுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் பாறைச் சுவரில் தளர்ந்ததை மட்டும் பிரித்துக்கொண்டே போகிறது.

எது தளரும், எது நிற்கும் என்பதற்கும் இப்போது நல்ல விடை இருக்கிறது. செக் நாட்டின் சார்லஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யிரி புருத்தான்ஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு நம் கால் வீட்டுக்கு நெருங்கிய உறவு. மணிகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் ஒருவகை மணற்கட்டியை அறுத்து, மேலே எடை ஏற்றி, தண்ணீரில் வைத்துப் பார்த்தார்கள். எடை அழுத்தும் பகுதிகளில் மணிகள் இறுகிப் பிடித்துக்கொண்டன. அழுத்தம் குறைந்த பகுதிகளில் மணிகள் உதிர்ந்தன. உதிர உதிர, மிஞ்சிய பகுதியின்மேல் பாரம் கூடியது. பாரம் கூடக் கூட அது மேலும் இறுகி, ஒரு கட்டத்தில் உதிர்வது நின்றது. மிஞ்சிய வடிவங்கள் தூண், மாடம், வளைவு! பாரம் தன்னைக் காப்பாற்றுகிறது என்பதைப் பிள்ளைகள் முதலில் நம்பமாட்டார்கள். பத்துத் தட்டு வீட்டையும் ஐம்பது தட்டு வீட்டையும் காட்டுங்கள்.

இந்தப் பாடவேளையில் ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். மணல் எடுத்த குழிகளின் ஓரம் சில நேரம் உள்வாங்கி, மேலே கூரைபோல் நிற்கும். கால் வீட்டில் நாம் பார்த்த அதே ஈரமும் இறுக்கமும்தான் அதையும் நிறுத்தி வைத்திருக்கின்றன. காய்ந்தால் விழும். கால் வீடு விழுந்தால் சிரிக்கலாம்; ஆள் உயர மணல் கரை விழுந்தால் உள்ளே இருப்பவரை வெளியே எடுப்பதற்குள் மூச்சு நின்றுவிடும். ஆற்றங்கரைப் பள்ளிகளில் இதை வெறும் அறிவுரையாகச் சொன்னால் பிள்ளைகள் கேட்பதில்லை. தாங்கள் செய்த வீடு விழுந்ததைப் பார்த்த அதே நிமிடத்தில் சொன்னால் முகம் மாறுவதைக் கவனித்திருக்கிறேன்.

திருமலையில் ஒரு வளைவு

இனி உண்மையான வளைவு. நம் பிள்ளைகளில் பலர் அதன் பக்கத்திலேயே போய் வந்தவர்கள். மன்னார்குடியிலிருந்து திருப்பதிக்கு ரயிலே இருக்கிறது. மொட்டை போடப் போகாத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. திருமலைக் கோயிலிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில், சக்கர தீர்த்தம் போகும் வழியில் இருக்கிறது சிலாதோரணம். சிலை என்றால் கல், தோரணம் நமக்குத் தெரியும். சுமார் 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். அதாவது நம் வகுப்பறையின் அகலத்தைவிடக் கூடுதல். உயரம் ஏறக்குறைய வகுப்பறைக் கூரை அளவு. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களில் ஒன்றாக அறிவித்திருக்கிறது.

பாறை குவார்ட்சைட். முன்பு மணலாக இருந்தது. சுமார் 150 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பழங்கால நீர்நிலையின் அடியில் படிந்த மணல். அந்த மணலில் நண்டு வளை கிடையாது, புல் வேர் கிடையாது. நண்டும் புல்லும் உலகில் இன்னும் தோன்றவில்லை. மேலோட்டமாக எண்ணிக்கை சொல்வதைவிட இப்படிச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். நம் வயலின் மேல்மண் சில ஆயிரம் ஆண்டு வயதுடையது என்றும் சேர்த்துச் சொல்லலாம்.

இங்கே ஒரு தவறான புரிதல் பரவலாக உண்டு. '150 கோடி ஆண்டுப் பழமையான வளைவு' என்று எழுதுகிறார்கள். 150 கோடி ஆண்டு பாறையின் வயது. வளைவின் வயது அதைவிட மிக மிகக் குறைவு. நம் வீட்டு அம்மியைப் பாட்டி காலத்தில் கொத்தினார்கள், ஆனால் கல் அதற்குமுன்பே இருந்தது என்றால் மூன்றாம் வகுப்புக்கும் புரியும்.

மலைப்பாதையிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது, பேருந்தில் தூங்கிக்கொண்டே கடந்துவிடுகிறோம். பாதை ஓரத்து வெட்டுகளில் கீழே கிரானைட், அதன்மேல் அடுக்கடுக்காகக் குவார்ட்சைட் உட்கார்ந்திருக்கும் இடங்கள் உண்டு. இரண்டும் தொடும் கோட்டில் 50 கோடி ஆண்டுகளுக்குக் குறையாத காலம் காணாமல் போயிருக்கிறது. பழைய பாறை வெளியே தலைநீட்டி அரிக்கப்பட்டு, பிறகு அதன்மேல் புதிய மணல் படிந்தது. நடுவில் பல பக்கங்கள் கிழிந்த புத்தகம் என்று சொல்வேன். இதுவும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமே.

சிலாதோரணத்தைப் பற்றிப் பேசினால் வகுப்பில் வரும் அடுத்த பேச்சு நிச்சயம். "பெருமாள் ரெண்டாவது அடி வச்ச இடம்னு எங்க பாட்டி சொல்லிச்சு டீச்சர்." சில ஆசிரியர்கள் இங்கே தயங்கிப் பாடத்தையே விட்டுவிடுகிறார்கள். சிலர் மூடநம்பிக்கை என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து. அந்த இடம் ஏன் வணங்கத்தக்கது என்பது பாட்டியின் கேள்வி. அந்தக் கல் எப்படி இந்த வடிவத்துக்கு வந்தது என்பது நம் கேள்வி. நம் கேள்விக்குக் கல்லைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். பாட்டியின் கேள்விக்கு நம் பாடநூலில் பக்கம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. நாம் பயப்படும் அளவுக்கு அவர்கள் சிக்கலானவர்கள் அல்லர்.

ஆனால் 'ஆசியாவிலேயே இது ஒன்றுதான்', 'உலகத்தில் மூன்றே மூன்று' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைச் சும்மா விடக்கூடாது. அது நம்பிக்கை அல்ல, சரிபார்க்கக்கூடிய தகவல். சீனாவின் சின்ஜியாங் பகுதியில், காஷ்கர் நகருக்கு அருகே, ஷிப்டன் வளைவு என்று உலகின் மிக உயரமான வளைவுகளில் ஒன்று இருக்கிறது. நம் நாட்டிலேயே அந்தமானில், 2018இல் ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட நீல் தீவின் லட்சுமண்பூர் கடற்கரையில், பவளப்பாறையில் அலை குடைந்த வளைவு ஒன்று உண்டு. பாடநூல் சொல்லும் கடல் வளைவுக்கு நம்நாட்டு எடுத்துக்காட்டாக அதைக் காட்டலாம். ஹைடெக் லேபில் பதினைந்து நிமிடம் கொடுத்து மாணவர்களையே தேடிச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

உப்பளத்தின் மேல் நிற்கும் வளைவுகள்

தேடும்போது அவர்கள் கண்ணில் முதலில் படப்போவது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. 1929இல் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாகி, 1971இல் தேசியப் பூங்காவானது. அந்த ஒரு பூங்காவில் மட்டும் 2000க்கும் மேற்பட்ட இயற்கை வளைவுகள் உள்ளன. மூன்றடித் திறப்பாவது இருந்தால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். அங்கே ஆண்டு மழை 25 சென்டிமீட்டரைத் தாண்டுவதே அரிது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே அதைவிட அதிகம் பெய்துவிடும்.

பாலைவனத்தில் எப்படி இத்தனை வளைவு? விடை வேதாரண்யத்தில் இருக்கிறது. கடல் நீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் காயவிட்டால் உப்பு மிஞ்சுவதை நாகப்பட்டினம் மாவட்டப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். யூட்டாவில் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலே அப்படித் திரும்பத் திரும்ப வற்றி, மிகத் தடித்த உப்புப் படுகையை விட்டுப்போனது. அதன்மேல் மணலும் சேறும் படிந்து பாறையாயின. பாரம் ஏறினால் உப்பு மெல்ல நகரும், பிதுங்கும். உப்பு ஓரிடத்தில் உயர, மேலே இருந்த மணற்பாறை அப்பம்போல் உப்பி, இணையான கோடுகளாக வெடித்தது. வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, சுண்ணாம்புப் பிடிப்பைக் கரைத்தது. பனிக்காலத்தில் அந்த நீர் உறைந்து விரிந்து பாறையை நெட்டித் தள்ளியது. வெடிப்புகள் அகன்று, நடுவில் மெல்லிய மதில்கள் நின்றன. மதிலின் தளர்ந்த பகுதி உதிர்ந்தபோது துளை. துளை பெரிதானபோது வளைவு. எல்லா மதிலிலும் வளைவு வரவில்லை. பெரும்பாலானவை வெறுமனே இடிந்துபோயின. படத்தில் நாம் பார்ப்பது தப்பிப் பிழைத்தவற்றை.

மழை குறைவு என்பதும் இங்கே ஒரு காரணம். மிகுந்த மழையும் ஓடும் ஆறும் இருந்திருந்தால் மதில்கள் இவ்வளவு காலம் நின்றிருக்கா. கொஞ்சம் நீர் செதுக்கும். நிறைய நீர் அடித்துக்கொண்டு போய்விடும். அடித்துக்கொண்டு போனதைச் சேர்த்து வைத்த இடம்தான் நம் டெல்டா.

வளைவுகள் விழுவதையும் சொல்ல வேண்டும்; பாடநூலில் கடல் தூண் என்பது வளைவு விழுந்தபின் மிஞ்சும் கால் என்பது அப்போதுதான் உறைக்கும். யூட்டா பூங்காவின் லேண்ட்ஸ்கேப் வளைவு 88 மீட்டர் நீளம் பாய்கிறது. 1991 செப்டம்பரில் அதன் அடியிலிருந்து சுமார் 18 மீட்டர் நீளமுள்ள பாளம் பெயர்ந்து விழுந்தது. கீழே இருந்த பார்வையாளர்கள் ஓடித் தப்பினார்கள். அதன்பின் வளைவுக்கு அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள். அதே பூங்காவின் வால் வளைவு 2008 ஆகஸ்டில் ஓர் இரவில் முழுதாக விழுந்தது. மால்டா நாட்டின் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகள் குவிந்த அஷூர் விண்டோ என்ற சுண்ணாம்புப்பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் கடலுக்குள் போனது. கால் வீடு விழுந்த வரிசையும் இதுவே. முதலில் அடிப்பாளம், பிறகு ஒருநாள் மொத்தமும்.

"அப்ப சிலாதோரணமும் விழுந்துடுமா டீச்சர்?" விழும். குவார்ட்சைட் என்பதால் மணற்பாறையைவிட நெடுநாள் நிற்கும். எப்போது என்று யாராலும் தேதி சொல்ல முடியாது. சுற்றிலும் வேலி போட்டிருப்பதற்கும், யூட்டாவில் பெயர்பெற்ற வளைவுகள்மேல் ஏறத் தடை இருப்பதற்கும் காரணம் கேட்டால் இப்போது பிள்ளைகளே சொல்வார்கள். கல்லில் பெயர் கீறுவதைப் பற்றித் தனியாக அறிவுரை சொல்ல நான் இந்தப் பாடத்தைப் பயன்படுத்துவதில்லை. ஒரு கீறலில் நீர் இறங்கினால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்பேன்.

மதிப்பீடும் வெளிப்பயணமும்

மதிப்பீட்டுக்கு வரையறை கேட்க வேண்டாம். ஒரே பாறையை நான்கு காலங்களில் வரையச் சொல்லுங்கள். எழுத்து கூடாது, படம் மட்டும். முதல் படத்தில் முழு மதில், கடைசிப் படத்தில் மணல் வந்துவிட்டதா என்று பார்த்தால் போதும். எழுதத் தயங்கும் பிள்ளைகள் இதில் முந்திக்கொள்கிறார்கள். சென்ட்ரிங் கேள்வி கேட்ட மாணவர் ஐந்தாவதாக ஒரு படமும் சேர்த்திருந்தார். அந்த மணலைக் கொண்டு ஒருவர் செங்கல் வளைவு கட்டிக்கொண்டிருந்தார், கீழே பலகையுடன்.

திருப்பதி போகும் குடும்பங்களிடம் ஒரு பக்கத் தாள் கொடுத்து அனுப்புகிறோம். மலைப்பாதையில் பாறையின் நிறமும் அடுக்கும் எங்கே மாறுகின்றன, சிலாதோரணத்தில் படுகைக் கோடுகள் படுக்கையாக இருக்கின்றனவா சாய்ந்திருக்கின்றனவா, வளைவின் மிக மெல்லிய பகுதி எது, அடியில் உதிர்ந்த கற்கள் கிடக்கின்றனவா என்று நான்கே கேள்விகள். பாட்டிகளும் பதில் எழுதி அனுப்புகிறார்கள்.

வகுப்பு முழுவதையும் அழைத்துப்போக வேண்டுமென்றால் திருமலை தொலைவு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள கல்மரப் பூங்கா எங்கள் பகுதிப் பள்ளிகளுக்கு ஒரு நாள் பயணம். 18 மீட்டருக்கும் நீளமான மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அதை 1940இல் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன், பழைய தஞ்சாவூர் மாவட்டத்து மகாராஜபுரத்தில் பிறந்தவர், பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் முதல் இந்திய இயக்குநர். மணற்பாறையையே கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை. அங்கே கடலூர் மணற்பாறைக்குள் கல்மரங்கள் புதைந்திருக்கின்றன. கைலென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புட்டியில் நம் ஆற்றுமணலும் எடுத்துப் போய், பாறையின் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். எங்கிருந்தும் ஒரு துண்டுகூட எடுத்துவரக் கூடாது என்பதைப் பேருந்தில் ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும். நிழல் குறைவு, குடிநீரும் தொப்பியும் அவசியம், மாசி மாதத்துக்குள் போய்வருவது நல்லது.